வீட்டுலயே க்ளைம்பிங் வால் கட்டலாமா? நம்ம திருநெல்வேலி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பை, வள்ளியூர், தென்காசின்னு பல பக்கத்துல இருந்தும் பசங்க கேக்குற கேள்விய ஒரே இடத்துல போட்டுருக்கேன். கயிறு கட்டி ஏறுற பெரிய சுவர் பத்தி இல்ல, எட்டு பத்து அடி உயரத்துல பலகை அடிச்சு கீழ மெத்தை போட்டு கயிறே இல்லாம பயிற்சி பண்ற போல்டரிங் சுவரத்தான் சொல்லுதேன். பணம் கொஞ்சமா இருந்தா முதல்ல மெத்தைக்கும் போல்ட்டுக்கும் போடுங்க, சுவர்ல மாட்டி கையும் காலும் வைக்குற பிடிய கலர் கலரா வாங்குறது கடைசி. கீழ உள்ள பதில்ல பாதி இதத்தான் சுத்தி சுத்தி சொல்லும்.

அண்ணாச்சி, நம்ம ஊர சுத்தி மலையும் பாறையுமா கிடக்கு, எதுக்கு வீட்டுல போயி பலகை அடிக்கணும்?

மலை கிடக்குதான், ஆனா பாபநாசம், மாஞ்சோலை, களக்காடு மேல உள்ள காட்டுல பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள வருது. 1988ல வந்தது, தமிழ்நாட்டுக்கே முதல் புலிகள் காப்பகம், அனுமதி இல்லாம உள்ள கால் வைக்கதே குத்தம். கழுகுமலைய பாத்தா கை துறுதுறுங்கும், ஆனா அது சமணர் சிற்பமும் வெட்டுவான் கோயிலும் செதுக்குன பாறை, பாதுகாக்கப்பட்ட இடம், அங்க ஏறணும்னு நினைக்கவே கூடாது. அடுத்தது கைவிட்ட கல் குவாரி. நிறைய பேரு அங்க போறேங்காங்க. வெடி வச்சு உடைச்ச பாறைக்குள்ள விரிசல் ஓடிக்கிட்டு இருக்கும், பிடிச்ச கல்லு அப்படியே கையோட வரும், கீழ ஆழம் தெரியாத தண்ணி நிக்கும், தயவுசெஞ்சு வேண்டாம்.

ஹம்பி, பாதாமின்னு கர்நாடகா பக்கம் போனா அருமையான பாறைதான், ஆனா இங்கருந்து எத்தன தடவ போக முடியும்? விரல் பலம் வாரத்துல ரெண்டு மூணு நாளு விடாம ஏறுனாத்தான் வரும். வேல முடிஞ்சு வந்து சட்டைய மாத்திட்டு அஞ்சு நிமிசத்துல ஏற ஆரம்பிக்கணும்னா அது வீட்டுலதான் முடியும்.

எவ்வளவு இடம் வேணும்? எங்க வீட்டு ரூம் பத்தடி உயரம்தான்.

பத்தடி தாராளம். கணக்கு இப்படித்தான்: ப்ளைவுட் ஷீட் 8க்கு 4 அடி, ரெண்டு ஷீட்ட நெட்டையா பக்கத்துல பக்கத்துல வச்சா 8 அடி அகலம் 8 அடி நீளம் கிடைக்கும். அத 30 டிகிரி சாச்சா உயரம் 7 அடிக்கு கொஞ்சம் குறைவா வரும், மேல் விளிம்பு 4 அடி முன்னால தள்ளி நிக்கும். 40 டிகிரி சாச்சா உயரம் 6 அடி சொச்சம், முன்னால தள்ளுறது 5 அடி சொச்சம். கீழ ஒரு அடிக்கு நேர் பலகை ஒண்ணு வைக்கணும், கிக்கர்னு சொல்லுவாங்க, அது இல்லாட்டி ஆரம்பிக்கும்போது கால் வைக்க இடமே இருக்காது. எல்லாம் சேத்து 8 அடிக்குள்ள முடிஞ்சிரும், மேல ஃபேன் றெக்கை எங்க சுத்துதுன்னு மட்டும் பாத்துக்கிடுங்க.

எல்லாரும் மறக்குறது விழுற இடத்த. மேல் விளிம்புக்கு நேர் கீழ இருந்து இன்னும் 5, 6 அடி காலியா இருக்கணும், பீரோ, கிரைண்டர், ஜன்னல் கம்பி, தண்ணித் தொட்டி ஒண்ணும் இருக்கக்கூடாது. அப்போ 30 டிகிரி சுவருக்கு 10 அடி நீளம் உள்ள ரூம் வேணும், அது இல்லன்னா சாய்வ குறைங்க, மெத்தைய குறைக்காதீங்க.

எத்தன டிகிரி சாய்க்கணும்?

நேர் சுவர்ல இருந்து நம்ம பக்கமா எவ்வளவு சாயுதோ அதுதான் டிகிரி. ஒரே ஒரு சுவர்தான் கட்ட முடியும்னா 25ல இருந்து 30க்குள்ள வைங்க. நேர் சுவர் பாக்க சுலபமா இருக்கும், ஆனா எட்டடில பயிற்சி ஆகாது, ரெண்டு மாசத்துல சலிச்சிரும். 40, 45 எல்லாம் ஏற்கனவே பலமா ஏறுறவங்களுக்கு, புதுசா வர்றவங்க அதுல தொங்கி விரல கெடுத்துக்கிடுதாங்க. கீல் வச்சு சங்கிலி போட்டு சாய்வ மாத்துற மாதிரியும் கட்டலாம், நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த கீலும் சங்கிலி மாட்டுற கொக்கியும் தாங்குற பாரத்த கணக்கு போடத் தெரிஞ்ச ஆளு கூட இருக்கணும். முதல் சுவருக்கு அசையாத சட்டமே போதும்.

மரச் சட்டமா இரும்புச் சட்டமா? பழைய வீட்ட இடிச்ச பனங்கை நிறைய கிடக்கு, அத போடலாமா?

பனங்கை வேண்டாம். ஓட்டுக்கு கீழ அம்பது வருசம் நின்ன கட்டைதான், பலம் இல்லன்னு சொல்லல. ஆனா பனைல வைரம் வெளிப்பக்கம்தான் இருக்கும், உள்ள சோறு, போல்ட்ட ஓட்ட போட்டு முறுக்குனா உள்ள பிடிப்பே இருக்காது, நெட்டுக்கு பிளக்கவும் செய்யும். மேல சதுரமும் கிடையாது, ப்ளைவுட் படிஞ்சு உக்காராது.

தேக்கு, வேங்கைன்னு நல்ல மரம் கைல இருந்தா தாராளமா போடுங்க, விலைக்கு வாங்கி போடுறதுக்கு இரும்பே லாபம். தூத்துக்குடி துறைமுகம் வழியா வெளிநாட்டு பைன் மரம் வருது, விலை கம்மிதான், ஆனா பேக்கிங்குக்கு வந்த கட்டைல கணு நிறைய, வளைஞ்சும் இருக்கும், அதோட கரையானுக்கு பைன்னா ரொம்ப பிடிக்கும். என் சிபாரிசு இரும்புதான். நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கு, கேட்டும் மாடிப்படியும் அடிச்சு பழகுன கை, படத்த தெளிவா போட்டு குடுத்தா அழகா செஞ்சு குடுப்பாங்க. 2க்கு 2 இஞ்சு ஸ்கொயர் ட்யூப், 3 மி.மீ. கனம் கேளுங்க, ஜன்னலுக்கு போடுற மெல்லிசு ட்யூப்ப தள்ளி விட்டாங்கன்னா வாங்காதீங்க. ப்ளைவுட்டுக்கு பின்னால ரெண்டு அடிக்கு ஒரு தண்டு கண்டிப்பா ஓடணும், ஒன்றரை அடின்னா இன்னும் நல்லது, ரெண்டு ஷீட் சேருற விளிம்பு காத்துல தொங்காம தண்டு மேல வந்து உக்காரணும்.

சட்டத்த சுவர்ல அடிக்கணுமா, தனியா நிக்க விடலாமா?

இந்த கேள்விக்கு நிதானமா பதில் சொல்லணும், ஏன்னா உயிர் போற இடம் இதுதான். 70 கிலோ ஆளு சும்மா தொங்குனா 70 கிலோ, ஆனா தாவி ஒரு பிடிய பிடிக்கும்போது அத விட ரொம்ப கூட இழுக்கும், அதுவும் ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, வருசக்கணக்கா ஆட்டி ஆட்டி இழுக்கும். செங்கல் சுவர்ல, ஹாலோ பிளாக் சுவர்ல அடிச்ச அங்கர் போல்ட் நாளாக நாளாக தளர்ந்து வெளிய வந்துரும். செங்கல்தான் இருக்குன்னா சுவர முழுசா துளைச்சு அந்த பக்கம் இரும்புத் தகடு வச்சு நட்டு போட்டு முறுக்கணும், பாதி வரைக்கும் போற போல்ட் வேண்டாம். கான்கிரீட் பீம்ல 12 மி.மீ. அங்கர் போடலாம், விளிம்புல இருந்து தள்ளி. மேல் தளத்துல துளைக்குறதுக்கு முன்ன கரண்டு பைப் எந்த வழியா ஓடுதுன்னு எலக்ட்ரீசியன கூப்பிட்டு கேட்டுக்கிடுங்க. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய மச்சு வீட்டுல கட்டைக்கும் கூரைக்கும் எந்த பாரமும் குடுக்காதீங்க.

இதெல்லாம் வேண்டாம்னா தானா நிக்குற சட்டம் கட்டலாம், நான் அதத்தான் எல்லாருக்கும் சொல்லுதேன். ஒரே ஒரு விதி, கீழ தரையோட போற தண்டு முன்பக்கமா வந்து, மேல் விளிம்புக்கு நேர் கீழ உள்ள இடத்தையும் தாண்டி நீளணும். அப்பத்தான் உச்சில ஆளு தொங்கும்போது சட்டம் குப்புற விழாது. அந்த தண்டு மெத்தைக்கு அடிலதான் போகும், அதனால ஆளு விழுற நடு இடத்துல வராம ரெண்டு ஓரத்துலயும் வைங்க.

மொட்டை மாடில, அதான் தட்டட்டில, கட்டலாமா?

கட்டலாம், ஆனா காத்த மறக்காதீங்க. ஆனி ஆடில பணகுடி, ராதாபுரம் பக்கம் எப்படி காத்து அடிக்கும்னு அங்க நிக்குற காத்தாடிய பாத்தாலே தெரியும். 8க்கு 8 அடி பலகைல மணிக்கு 70 கி.மீ. காத்து நேரா அடிச்சா கிட்டத்தட்ட 135 கிலோ தள்ளும். தரையோட போல்ட் போடணும், இல்லன்னா நாலு மூலையும் பக்கத்து பில்லரோட கட்டணும். தளம் ஒழுகாம இருக்க போட்ட தட்டோட்ட துளைச்சா அந்த இடத்த கெமிக்கல் போட்டு அடைக்கணும், இல்லாட்டி ஐப்பசி மழைக்கு கீழ் வீட்டுக்காரங்க தலைல சொட்டும். பாரம் பத்தி பயப்படுதவங்களுக்கு: ஏறி நடமாடுற மொட்டை மாடிக்கு இந்திய தர விதிப்படி சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ பாரம் தாங்குற மாதிரி கணக்கு போடுவாங்க, சட்டத்தோட பாரம் நாலு புள்ளில குத்தாம நீளத் தண்டு வழியா பரவுற மாதிரி வைங்க, வீடு கட்டுன இன்ஜினியர ஒரு வார்த்த கேட்டுருங்க. மேல தகரம் மட்டும் போட்டீங்கன்னா சித்திரை வைகாசில உள்ள நிக்க முடியாது, அதுக்கும் கீழ தென்னங்கீத்து ஒரு அடுக்கு வேய்ஞ்சா நல்ல வித்தியாசம் தெரியும்.

ப்ளைவுட் எது வாங்கணும்?

18 மி.மீ. அதுக்கு கீழ இறங்காதீங்க. ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளை நல்லது, வீட்டுக்குள்ள மழை படாத இடம்னா ஐ.எஸ். 303ல தண்ணி தாங்குற தரமே போதும். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். கூடவே கூடாது, டி-நட் (பிடியோட போல்ட் முறுக்க பலகைக்கு பின்னால அடிக்குற பல்லு வச்ச நட்டு) பிய்ச்சுக்கிட்டு வந்துரும். ஒரு ஷீட் 30, 35 கிலோ இருக்கும், தூக்க ரெண்டு மூணு பேரு வேணும்.

டி-நட் எப்படி அடிக்கது? எத்தன வேணும்?

20 செ.மீ. இடைவெளில கட்டம் போட்டா ஒரு ஷீட்டுக்கு 12 வரிசை, வரிசைக்கு 6, ஆக 72 ஓட்டை. பின்னால தண்டு வர்ற இடத்த முதல்லயே பென்சில்ல கோடு போட்டு அத விட்டு தள்ளி ஓட்டைய வைங்க. நம்ம ஊர் ஹார்டுவேர் கடைல கிடைக்குறது மில்லிமீட்டர் கணக்கு, எம்10, அதாவது 10 மி.மீ. போல்ட்டுக்கு உள்ளத எடுங்க, பிடி விக்குறவங்களும் பெரும்பாலும் எம்10 போல்ட்டுக்குத்தான் செய்தாங்க. அமெரிக்க இஞ்சு கணக்கு டி-நட்ட எங்கருந்தாவது வாங்கி கலந்துராதீங்க, பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், மரை சேராது. ஓட்டைய ஏறுற பக்கத்துல இருந்து துளைங்க, பிசிறு பின்பக்கம் போயிரும். ட்ரில் பிட் அளவ டி-நட்டோட குழாய அளந்து முடிவு பண்ணுங்க, எம்10க்கு பெரும்பாலும் 12 மி.மீ. வரும். பலகைய மாட்டுறதுக்கு முன்னாலயே கீழ போட்டு எல்லா டி-நட்டையும் பின்னால இருந்து அடிச்சு முடிச்சிருங்க, மாட்டுன பிறகு பின்னால கை போகாது. உவரி, கூடங்குளம், தூத்துக்குடின்னு கடக்காத்து படுற ஊர்னா துரு பிடிக்காத ஸ்டீல்லயே வாங்குங்க.

பிடி எல்லாம் வெளியூர்ல இருந்துதான் வாங்கணுமா?

கொஞ்சம் வாங்கணும், மீதிய செய்யலாம். விக்குற பிடி ரெசின்ல வார்த்தது, பல வடிவத்துல கிடைக்கும், 20, 30 வாங்குனாலே ஒரு சுவருக்கு ஆரம்பிக்கலாம்.

எனக்கு மரப்பிடி மேலதான் ஆசை. தோல கிழிக்காது, அதனால அடுத்த நாளும் ஏறலாம், மேலும் வழுவழுன்னு இருக்கதால விரல் உண்மையிலயே வேல செய்யணும். நம்ம பக்கத்துல இதுக்கு ஒரு வசதி இருக்கு. அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் தெரியாதவங்க உண்டா, பிள்ளைங்க வெளாடுற அந்த சின்ன அடுப்பும் பானையும் கடைசல் பிடிச்சுத்தான் செய்தாங்க. கடைசல் தெரிஞ்ச கைகிட்ட போயி அரை உருண்டை ஒண்ணு, உருளை ஒண்ணுன்னு கேட்டா உள்ளங்கைய வச்சு அழுத்துற பிடியும் கட்டவிரல் சேத்து கவ்வுற பிடியும் கிடைச்சிரும். மரம் இறுகலா இருக்கணும், அரக்கு பூச வேண்டாம்னு முதல்லயே சொல்லிருங்க, பூசுனா வழுக்கும். விரல் நுனி மட்டும் பதியுற பட்டைய ஆசாரியே அறுத்து குடுத்துருவாரு, 20 மி.மீ. ஆழம், விளிம்ப நல்லா உருட்டி தேய்க்கணும், கூரா விட்டா விரல் மடிப்புல வெட்டும். போல்ட் தலை உள்ள அமுங்குற மாதிரி குழி எடுக்கணும், நார் ஓடுற திசைக்கு குறுக்க பிளக்காத மாதிரி ஓட்டைய நடுவுல வைக்கணும்.

மாட்டும்போது இடப்பக்கம் ஒரு பிடி வச்சா அதே மாதிரி வலப்பக்கமும் ஒண்ணு வைங்க. அப்போ எந்த வழிய (எந்த பிடில இருந்து எந்த பிடிக்கு போறதுங்குற வரிசை) ஏறுனாலும் அத திருப்பி மறு கைக்கும் ஏறலாம், ஒரு பக்கம் மட்டும் பலமாகி மறுபக்கம் பின்தங்காது.

மெத்தைக்கு வீட்டுல கிடக்குற பழைய இலவம்பஞ்சு மெத்தை போதாதா?

போதாது, போதவே போதாது. இலவம்பஞ்சு ஒரே மாசத்துல அமுங்கி தரையா போயிரும். ரப்பர் காயர் மெத்தைய அடில போடலாம், அது மட்டும் தனியா பத்தாது. நல்ல மெத்தைல ரெண்டு அடுக்கு இருக்கும்: மேல கெட்டியான ஃபோம், விழுற பாரத்த பரப்பிவிட, கீழ மெதுவான தடிச்ச ஃபோம், அத வாங்கிக்கிட. தலைகீழா போட்டீங்கன்னா கால் உள்ள புதைஞ்சு கணுக்கால் திருகிக்கிடும். எட்டடி சுவருக்கு மொத்தம் 8ல இருந்து 10 இஞ்சு தடிமன் வைங்க. சோபா செய்ற கடைல ஃபோம் அடர்த்தி சொல்லி வெட்டி வாங்கலாம், மேல ரெக்சின்லயோ தார்ப்பாய்லயோ ஒரே உறையா தைச்சிருங்க.

ஒரே உறைன்னு ஏன் சொல்லுதேன்னா, ரெண்டு மெத்தைக்கு நடுவுல உள்ள இடுக்குலதான் கால் மாட்டும். வீட்டு சுவர்ல கை காலு உடைஞ்சதுன்னு கேட்டா நேரா இந்த இடுக்கத்தான் முதல்ல பாக்கணும். கட்டிலு மெத்தைய மூணு நாலு வரிசையா போட்டவங்க மேல ஒரு கம்பளமாவது இழுத்துக் கட்டுங்க. விழுறதையும் பழகணும், முட்டி மடங்கி கால் பதிஞ்சதும் பின்னால உருளணும், கைய பின்னால ஊனக்கூடாது, ஊனுனா மணிக்கட்டு போயிரும்.

கரையானும் மழையும் என்ன பண்ணும்?

கரையானுக்காக மரம் ஒண்ணும் தரைய தொடக்கூடாது, கிக்கர் பலகைக்கு கீழ ரெண்டு இஞ்சு இடைவெளி விட்டுருங்க, மாசம் ஒருக்கா பின்னால டார்ச் அடிச்சு மண் கோடு ஏறிருக்கான்னு பாருங்க. முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாமான்னு கேக்காங்க, பழைய ஆளுங்க உத்திரத்துக்கு பூசுனதுதான், கரையானுக்கு நல்லாவே கேக்கும், ஆனா அது தோல்ல பட்டா பொத்துரும், அதனால சட்டத்துக்கும் பின்பக்கத்துக்கும் மட்டும், அதுவும் கைல உறை போட்டு. கை படுற முன்பக்கமும் பிடியும் பக்கமே கொண்டு போகக்கூடாது.

தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி ஆடி சாரல்ல காத்தே ஈரமா இருக்கும், மத்த இடத்துல ஐப்பசி கார்த்திகை. ப்ளைவுட்டோட நாலு விளிம்பயும் துளைச்ச ஓட்டையையும் பெயிண்ட் போட்டு அடைச்சா ஊறாது. ஃபோம் ஈரம் குடிச்சா காயவே காயாது, பூஞ்சை பிடிக்கும். 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி எங்கெல்லாம் ஏறிச்சுன்னு எல்லாருக்கும் நினைவு இருக்கும், ஆத்தங்கரைல தாழ்ந்த இடத்துல வீடுன்னா மெத்தைய மாடிக்கு தூக்குற அளவுக்கு ரெண்டு மூணு துண்டா செஞ்சு வெல்க்ரோ வச்சு ஒட்டுங்க.

கை வேர்த்து வழுக்குது. முகத்துக்கு போடுற பவுடர் போடலாமா?

பவுடர் வழுக்கத்தான் செய்யும். சுண்ணாம்பு தோல அரிக்கும், கோலமாவு பிரயோசனம் இல்ல. வேண்டியது மெக்னீசியம் கார்பனேட், பளுதூக்குறவங்களும் ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றவங்களும் கைல பூசுறது. அத பாறை ஏறுறதுக்கு கொண்டு வந்தவரு ஜான் கில்னு ஒரு அமெரிக்காக்காரரு, அவரே ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுன ஆளு, 1950கள்ல. மூடுன ரூம்ல அந்த தூசி நெஞ்சுக்கு ஆகாது, ஆல்கஹால்ல கலந்த திரவமா கிடைக்குறத வாங்குங்க. மே மாசம் மத்தியானம் ஏறி விரல் வழுக்கி மனச விடாதீங்க, காலைல அஞ்சு மணிக்கு ஏறுங்க, பக்கத்துல ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடட்டும்.

எப்படி பயிற்சி பண்ணணும்?

வாரத்துக்கு மூணு நாளு, நடுவுல ஒரு நாளு ஓய்வு. தோள், மணிக்கட்டு, விரல் சூடாகுற வரைக்கும் கால் மணி நேரம் பெரிய பிடில மெதுவா ஏறுங்க. பிறகு அஞ்சாறு அசைவு உள்ள கஷ்டமான வழி ஒண்ணு நீங்களே போடுங்க, ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல மூணு நாலு நிமிசம் உக்காருங்க, மூச்சு வாங்கிக்கிட்டே திரும்ப ஏறுனா பலம் கூடாது, களைப்புதான் கூடும். போட்ட வழிய எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. நமக்கு வராத பிடிய ஒதுக்காம வாராவாரம் அதுல ரெண்டு வழி போடணும். ஏறும்போது மோதிரம், காப்பு, கழுத்துச் செயின் எல்லாம் கழட்டிரணும், மோதிரம் போல்ட்டுல மாட்டிச்சுன்னா விரலயே உரிச்சிரும்.

படத்துல பாக்குற மூன்போர்டு மாதிரியே கட்டலாமா?

பென் மூன்னு இங்கிலாந்து க்ளைம்பர் ஒருத்தரு கொண்டு வந்த, எல்லா ஊர்லயும் ஒரே அளவுல கட்டுற பயிற்சி பலகை அது, 40 டிகிரி, 2.44 மீட்டர் அகலம், 3.15 மீட்டர் உயரம். பத்தடி ரூமுக்குள்ள நிக்காது, சின்ன அளவு ஒண்ணும் இருக்கு, அது நிக்கும். முதல் வருசத்துக்கு அது தேவையில்லைங்கதுதான் என் எண்ணம், அதுல சுலபமான வழியே புது ஆளுக்கு கஷ்டம்.

எம் பொண்ணுக்கு பத்து வயசு, ஒலிம்பிக்ஸ்ல பாத்துட்டு ஏறணுங்கா. விடலாமா அண்ணாச்சி?

தாராளமா விடுங்கக்கா, டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இந்த வெளாட்ட சேத்ததுல இருந்து நிறைய பிள்ளைங்க கேக்குது. பெரிய பிடியா, கைக்கு எட்டுற மாதிரி நெருக்கமா மாட்டிக் குடுங்க, வெளாட்டாவே ஏறட்டும். கேம்பஸ் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, காலு வைக்காம கையால மட்டும் தாவித் தாவி ஏறுற பட்டை, 1988ல வொல்ஃப்காங் குல்லிக்னு ஜெர்மன்காரரு நூரன்பெர்க்ல தனக்காக செஞ்சது. அது வளர்ற பிள்ளைங்களுக்கு கூடவே கூடாது, விரல் எலும்புல வளர்ற இடம் இன்னும் இறுகிருக்காது, அங்கயே முறியும். நடு விரல் கணுல வலி, வீக்கம்னு சொன்னா தைலம் தேச்சு விடாம ஏறுறத நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒருத்தரு ஏறும்போது மெத்தைல வேற பிள்ளை நிக்கக்கூடாது, பெரியவங்க இல்லாத நேரம் ஏறக்கூடாது.

வாடகை வீடு, ஓட்டை போட விடமாட்டேங்காங்க.

தானா நிக்குற சட்டம், எல்லா மூட்டும் வெல்டிங் இல்லாம போல்ட். காலி பண்ணும்போது கழட்டி சின்ன யானைல ஏத்திரலாம்.

பிடி சுத்துது, எவ்வளவு முறுக்குனாலும் நிக்கல.

முதல்ல 8 மி.மீ. ஆலன் கீ போட்டு நல்லா முறுக்கிப் பாருங்க, மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருங்கி விரியுறதால மாசம் ஒரு தடவ எல்லா போல்ட்டையும் இப்படி பாக்கத்தான் வேணும். போல்ட்டே சேந்து சுத்துச்சுன்னா பின்னால டி-நட் பல்லு பிய்ஞ்சிருக்கும், அத தட்டி எடுத்துட்டு மூணு ஸ்க்ரூ வச்சு மாட்டுற டி-நட்ட போடுங்க. போல்ட் இறுகி இருந்தும் பிடி மட்டும் திரும்புனா பிடில ஓரமா உள்ள சின்ன ஓட்டை வழியா ஒரு மர ஸ்க்ரூ குடுங்க. கடைசல் பிடிக்கும் ஆசாரி செஞ்ச பட்டைக்கும் அந்த ரெண்டாவது ஓட்டைய செய்யும்போதே போடச் சொல்லிருங்க.